கரடிக்குப் பல்வலி

"உன் கைக்கு இன்னா ஆச்சு?" என்று யார் கேட்டாலும் அவள் முகம் சுளிக்க மாட்டாள். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்வாள். ஆனால் ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டாள்.

மலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஃபாரஸ்ட் கார்டு ஒருவர், அவள் வீட்டுக் களத்தில் நின்றுகொண்டு அதிகாரமாகத்தான் கேட்டார். அவள் கடுக்காயைத் தரம் பிரித்தபடியே பதில் சொன்னாள்.

"கரடிங்க. பாவம், அதுக்குப் பல்வலி. வாயப் பொளந்துகினு என் முன்னால வந்து ஒக்காந்துச்சு. எந்தப் பல்லுன்னு கைய வுட்டுப் பாத்தேன். பாத்துகினு இருக்கறப்பவே அதுக்கு வலி எடுத்துகிச்சு, வாய மூடிட்ச்சு. அது மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க. வேணும்னா சாய்பண்ணாவக் கேளுங்க, பக்கத்துலதான் இருந்தாரு."

கார்டு என்னைப் பார்த்தார். நான் தாடியைத் தடவிக்கொண்டு, "ஆமாம், நான் பார்த்தேன். கடைவாய்ப் பல்" என்றேன்.

அந்தச் சாய்பண்ணா நான்தான். வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். அந்தக் கடுக்காய்க்காக இரண்டு மட்டக்குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறுவேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தாலும் மலைக்கு அப்போது ரோடு வரவில்லை. சுற்று வட்டாரத்து ஜனங்கள் பொறுக்கி வரும் கடுக்காயை அளந்து வாங்கிக் குவித்து வைப்பது அவள் வீட்டுக் களத்தில்தான். நான் போகும்போதெல்லாம் கூழ் கொடுப்பாள், கூடவே நாலு கிண்டலும் கொடுப்பாள். எங்கள் வியாபாரத்தில் படியில் அளந்தால், விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும் தலையை வழித்துவிட வேண்டும். அவள் இடது கையால் அளந்து, வலது முழங்கையால் வழிப்பாள். அந்த வழிப்பில் எப்போதும் ஒரு பிடி என் பக்கம் கூடுதலாக நிற்கும். "ஏம்மா, முழங்கைக்குக் கணக்கு தெரியாதா?" என்றால், "உனுக்குத்தான் வயிறு பெருசாச்சே" என்பாள்.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு அவள் சொன்னது வேறு கதை. தேன் எடுக்கக் கூட்டுக்குள் கையை விட்டாளாம், ராணித் தேனீ மூன்று விரலை ஜப்தி செய்துகொண்டதாம். வளையல்காரருக்குச் சொன்னது, "ஒரு கைக்கு மட்டும் வளையல் போட்டா சிக்கனமா பூடும்னு நானே வெட்டிக்கினேன்." எந்தக் கதையானாலும் கடைசியில் சாட்சிக்கு என் பக்கம் கை நீளும். நானும், "ஆமாம், நான் பார்த்தேன்" என்பேன். மலையில் புதிதாக யார் வந்தாலும் ஊர்க்காரர்களே, "போய் அவளக் கேளு" என்று அனுப்பி வைப்பார்கள். அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்து நின்று கேட்பார்கள்.

அவள் மகளும் கேட்பாள். ஒல்லியாக, பெரிய கண்களோடு இருக்கும் ஒரே மகள். கதை நடுவில், "அம்மா, அந்தக் கரடி பேரு இன்னா?" என்பாள். "மூக்கன்." "மூக்கனுக்கு இப்ப பல்வலி போயிட்ச்சா?" "எங்க போச்சு? வெரல முழுங்கி இப்ப வயித்துவலி." இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் வெகு நாள் சிரிப்பு என்றே நினைத்திருந்தேன்.

இனி அந்தக் கையைச் சொல்ல வேண்டும். வலது கை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன, நடுவில் மூன்றும் இல்லை. கட்டைவிரல் மடங்காது. எந்நேரமும் முந்தானைக்குள் இருக்கும். மலைப் பெண்கள் அந்தக் காலத்தில் சேலையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து தோளில் முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும். அவள் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் முடிச்சை இறுக்குவாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ இலையைத் தொடையில் வைத்துக்கொள்வாள். கேழ்வரகுக் களி கிண்டும்போது பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, துடுப்பை இடது கையாலும் வலது கக்கத்தாலும் பிடித்துச் சுற்றுவாள். வேர்த்துக் கொட்டும். கிட்டே யாராவது போனால், "களி கிண்டறதக் கூட வேடிக்க பாக்கணுமா?" என்று விரட்டிவிடுவாள். தலைமுடியை முடிந்துகொள்ள மட்டும் அவளால் முடியவில்லை. காலையில் மகள்தான் கொண்டை போட்டுவிடுவாள். அம்மாவின் பின்னால் முட்டி போட்டு நின்று, ஒரு வார்த்தை பேசாமல் சீவிச் சீவிப் போடுவாள்.

அடுத்தவருக்கு எதையும் இடது கையால் கொடுக்க மாட்டாள். எனக்குக் கூழ் கொடுத்தாலும், செம்பைக் கீழே வைத்து வலது மணிக்கட்டால் என் பக்கம் நகர்த்துவாள். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. வாய் நிறையக் கதை சொல்கிற மனுஷி, சோறு தின்னும்போது மட்டும் யாருக்கும் முகம் காட்டாமல் இருந்தாள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும், நான் குதிரைகளைப் பார்க்கப் போய்விடுவேன்.

கைக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்துக்கு நான் நிஜமான சாட்சி.

தை மாதம் ஊரில் அம்மன் திருவிழா. புதுச் சாமையில் பொங்கல் வைத்து அம்மனுக்குப் படைத்த பிறகுதான் வீடுகளில் புதுச் சாமையை உலையில் போடுவார்கள். அந்தச் சாமையை அந்தந்த வீட்டுப் பெண்கள்தான் உரலில் இடிக்க வேண்டும், வெளியாள் கை படக் கூடாது. மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். "நானும் பொம்பளதான், நான்தான் இடிப்பேன்" என்று இரும்புப் பூண் போட்ட பெரிய உலக்கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஆசைப்படுகிறதே என்று தாய் விட்டாள். உரல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உலக்கை மேலே போகும்போது உள்ளே கையை விட்டுச் சாமையைத் தள்ளிக் கொடுத்தாள். "ஹும்... ஹும்..." என்று வாயாலேயே தாளம் கொடுத்தாள். குழந்தை அந்தத் தாளத்துக்கு இடித்தது. நான் களத்து ஓரப் புளியமரத்தில் குதிரைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கோயில் பக்கமிருந்து அம்மன் புறப்பாட்டு மேளம் கிளம்பியது. குழந்தையின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. கை தாயின் தாளத்தை விட்டுவிட்டு மேளத்துக்கு இடிக்கத் தொடங்கியது. தாயின் கையோ பழைய தாளத்திலேயே உரலுக்குள் போனது.

அவள் கத்தவில்லை. கையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் வெள்ளைத் துணியாக வெளுத்துவிட்டது. அந்த முகத்தில் ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தாள். "மேளம் வந்துட்ச்சு பாருடி! ஓடு, ஓடு, அம்மன் வருது, போய்ப் பாரு!" குழந்தை உலக்கையைப் போட்டுவிட்டு ஓடியது.

அது வேலி தாண்டியதும் என்னைப் பார்த்தாள். "சாய்பண்ணா, நீ ஒண்ணும் பாக்கல. இன்னா?"

உரலில் சாமை சிவந்துகொண்டிருந்தது.

"சாமைய அள்ளி ஓடையில கொட்டிடு. எம் பொண்ணு பாக்கறதுக்குள்ள."

பிறகு எழுந்து, தள்ளாடித் தள்ளாடி மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். அங்கே போன பிறகுதான் கத்தினாள். "ஐயோ, எருது கைய மெதிச்சிட்ச்சே!" அத்தனை நேரம் தொண்டையில் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு கத்தலில் வந்தது. மேளச் சத்தத்தையும் மீறி ஊருக்குக் கேட்டது.

கம்பளியைக் கழியில் தூளியாகக் கட்டி ஆலங்காயம் வரை சுமந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் வாணியம்பாடி ஆஸ்பத்திரி. வழியில் பாதி நினைவில் இருந்தாள். நினைவு வரும்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஒன்றையே சொன்னாள். "வெரலு போனா போவுதுண்ணா. எம் பொண்ணு மனசுல ஏறிடக் கூடாது. தாயி கைய நான்தான் இடிச்சேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் அதுக்குச் சோறு எறங்காது. நீ பாக்கல. சொல்லு, நீ பாக்கல."

"பார்க்கவில்லை" என்று குர்ஆன் மேல் சொல்வதைப் போலச் சொன்னேன்.

டாக்டர் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார், மூன்று விரலைக் காப்பாற்ற முடியவில்லை. தினம் கட்டு மாற்ற வேண்டியிருந்ததால் அவளை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரி அவளுக்குச் சோறு ஊட்டுவாள். "உங்க வூட்டு சோறு தின்னேன்னு மலையில சொல்லிடாதண்ணா, பஞ்சாயத்து கூட்டிப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு கவளத்துக்கு வாயைத் திறப்பாள். அப்போதுதான் என் தங்கை மகளுக்கு நிக்காஹ் வந்தது. வீட்டுப் பெண்கள் கூடி மருதாணி வைத்துக்கொண்டார்கள். அவள் இடது கையை மட்டும் நீட்டினாள். என் வீட்டுக்காரி இடது கை நிறைய வைத்துவிட்டு, வலது கைக் கட்டின் மேலும் உருண்டையாக ஒரு பொட்டு வைத்தாள். "அது செவக்குமாக்கா?" என்று கேட்டாள். "உன் மனசுக்குச் செவக்கும்" என்றாள் என் வீட்டுக்காரி. கட்டுத் துணி சிவந்தது. அன்று ராத்திரிதான் அவள் முதல் தடவையாக அழுதாள் என்று என் வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

இரண்டாம் தடவை அழுதது எருதுக்காக. அவள் புருஷன் வாயில்லாப் பூச்சி. கோபமே வராத அந்த மனுஷனுக்கு அந்த எருது மேல் கோபம் வந்து, அதை ஆலங்காயத்தில் ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்டான். அதைக் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணும் தெரியாத ஜீவன் மேல பழிய போட்டு அத ஊர விட்டே அனுப்பிட்டேனே! இனிமே யாராவது கேட்டா ஒருத்தர் மேலயே சொல்ல மாட்டேண்ணா. எல்லார் மேலயும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிடறேன். கரடி, புலி, தேனீன்னு பிரிச்சிக்கட்டும். அத்தன கதையில எது நெஜம்னு யாரு தேடப் போறாங்க?"

கதைகள் அப்படித்தான் பிறந்தன.

கை ஆறி மலைக்குத் திரும்பினபோது முதலில் உரல் பக்கம்தான் போய்ப் பார்த்தாள். உலக்கை சுவரில் சாத்தியிருந்தது. பூணில் ஒரு கறை இல்லை. "உலக்கையக் கூட மறக்காம கழுவி வெச்சியே, புண்ணியவான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் சாமையைக் கொட்டினேனே தவிர உலக்கையைத் தொடவில்லை. சரி, அவள் புருஷன் கழுவியிருப்பான் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த தை வந்தது. திருவிழாவில் ஒவ்வொரு வீட்டுக்காரியும் கோயில் முன் பானை வைத்து, புதுச் சாமையைத் தன் கையால் பானையில் போட வேண்டும். இவள் முறை வந்ததும் பூசாரி தடுத்தார். "பீச்சாங்கையால அம்மனுக்குப் போடக் கூடாது. உன் ஓரகத்தியப் போடச் சொல்லு." ஓரகத்தியும் தயாராகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கூட்டம் இவளைப் பார்த்தது. இவள் மகளைப் பார்த்தாள். மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செரட்ட அகப்பைய எடுத்துகினு வாடி" என்றாள். மகள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். வலது மணிக்கட்டில் அகப்பைக் காம்பை வைத்து, கிழிந்த துணியால் மகளை விட்டே இறுக்கிக் கட்டச் சொன்னாள். "நல்லா இறுக்கு. இன்னும் இறுக்கு." கட்டி முடித்ததும் கையை உயர்த்திக் காட்டினாள். "பூசாரி, இது சோத்தாங்கைதானே? வெரலு சதையா செரட்டையான்னு அம்மன் கேட்டாளா?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூசாரியும் சிரித்துவிட்டார். அகப்பையால் அள்ளி அள்ளிச் சாமையைப் போட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

பொங்கல் பொங்கின பிறகு, மரத்தடியில் மகள் அந்தக் கட்டை அவிழ்த்தாள். இறுக்கிக் கட்டியதில் தழும்பு விண்டு ரத்தம் கசிந்திருந்தது. மகள் கை அப்படியே நின்றுவிட்டது.

"குங்குமம்டி" என்றாள் தாய்.

"ஆமா, குங்குமம்" என்றாள் மகள். தன் பாவாடையால் அதைத் துடைத்தாள்.

திருவிழா நாட்களில் அவளிடம் ஒரு பழக்கம் வந்தது. மேளம் கேட்டால் போதும், அவள் குரல் உயரும். கரடியும் தேனீயும் வெளியே வரும். மேளம் பக்கத்தில் வர வர, இவள் இன்னும் சத்தமாகச் சொல்வாள், கையைக் காலை ஆட்டுவாள், தானே சிரிப்பாள். மேளச் சத்தம் மகள் காதில் தனியாக விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். ஊர்க்காரர்கள், "திருவிழா வந்தா இவளுக்குக் கிறுக்கு புடிக்குது" என்றார்கள். எனக்குத் தெரியும், நான் அந்தக் கதைகளுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் அதற்குப் பிறகு உலக்கையைத் தொடவே இல்லை. களை பறிப்பாள், மாடு மேய்ப்பாள், மலை மேலிருந்து விறகு சுமப்பாள், உலக்கை என்றால் மட்டும் நகர்ந்துவிடுவாள். தாய்தான் ஒற்றைக் கையால் தூக்கி வலது கையால் அணைத்து, சாமை முழுக்க இடித்தாள். "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கா" என்று ஊரில் பேசினார்கள். "அது கை பூ மாதிரி, கொப்புளம் வந்துடும்" என்று தாய் சொல்லிவிடுவாள். அவளுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. கூட இருந்த எனக்கும் வரவில்லை. இப்போது நினைத்தால், எனக்கு எங்கே போயிற்று புத்தி என்று இருக்கிறது.

படவேடு பக்கத்து மலையடிவார ஊர் ஒன்றில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் உரலுக்கு மஞ்சள் பூசி, மேளம் கொட்ட, பெண் முதல் குத்துக் குத்த வேண்டும். அன்று விடிந்ததிலிருந்து தாய் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நேரம் நெருங்கியதும் மேளக்காரர்களிடம் போய், "மொதல்ல சாப்ட்டுடுங்க, கறி ஆறிடும்" என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டாள். மேளம் இல்லாமலேயே உரல் சடங்கு நடந்தது. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். இவள் அதைக் காதில் வாங்காமல், புலிக் கதையை உரக்கச் சொல்லிக்கொண்டு உரலுக்கு எதிரில் நின்றாள்.

மகள் உலக்கையைத் தூக்கினாள். பெண்கள் எல்லோரும் உரலைப் பார்த்தார்கள். மகள் பார்க்கவில்லை. தாயின் முந்தானைக்குள் இருந்த கையைப் பார்த்தபடியே மூன்று குத்துக் குத்தினாள். உலக்கையைக் கீழே வைத்தபோது உதடு வெளுத்திருந்தது. அந்த நிமிஷம் எனக்குள் என்னவோ இடித்தது.

மறுநாள் பெண்ணை அனுப்பினார்கள். சீர்ப் பாத்திரங்களை என் குதிரைகள் மேல் ஏற்றி நானும் கூடப் போனேன். சரிவில் மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மகள் மட்டும் என் பக்கத்தில் நடந்தாள்.

"மாமா, அந்த உலக்கைய கழுவினது நான்தான்."

நான் குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"மேளம் பாக்க ஓடினேன் இல்ல? பாதி வழில நின்னுட்டேன். சாமையில எறங்குற உலக்க அப்படி எறங்காது மாமா. இடிச்ச கைக்குத் தெரியாதா? திரும்பி வந்தேன். அம்மா கொட்டகைக்குப் போய்கினு இருந்துச்சு. நீ ஓடைக்குப் போற. பூணு பூரா ரத்தம். கழுவி சொவுத்துல சாத்திட்டு மேளம் பாக்கப் பூட்டேன்."

எட்டு வயதுக் குழந்தை. அல்லாவே, அது என்ன கூத்தைப் பார்த்திருக்கும் அன்றைக்கு!

"இத்தன வருஷமா உங்கம்மாகிட்ட ஏம்மா சொல்லல?"

"எனுக்குத் தெரியாதுன்னுதான் அது சிரிச்சிகினு கீது. தெரியும்னு சொல்லிட்டா அப்புறம் எதுக்காவ சிரிக்கும்? கத சொல்றதுக்காவது ஒரு காரணம் வேணுமே. அம்மா உயிரோட கீற வரைக்கும் நீ சொல்லாத மாமா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி நல்லாத்தானே கரடிக்குப் பேரு கேட்டேன்?"

அன்று மலை இறங்கும்போது நான் வாய்விட்டு அழுதேன். தாய்க்கு ஒரு சத்தியம், மகளுக்கு ஒரு சத்தியம். இரண்டு பக்கமும் மூட்டை கட்டின மட்டக்குதிரை மாதிரி ஆகிவிட்டேன். எந்தப் பக்கம் அவிழ்த்தாலும் மற்றப் பக்கம் சாய்ந்துவிடும். யாராவது ஒருத்தி முந்திக்கொண்டு, "நடந்தது இதான்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் போதும். இரண்டு பேருக்கும் பாதி பாரம் இறங்கியிருக்கும். இரண்டு பேருமே அதைச் செய்யவில்லை. அத்தனை பாசம் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

படி போய் லிட்டர் வந்த காலத்தில் அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் கண்டது. கடைசியாக நான் பார்த்தபோது கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். அப்போதும் கிண்டல் போகவில்லை. "லிட்டருக்குத் தலை வழிக்கணுமா வேணாமாண்ணா?" என்றாள். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியாண்ணா, ஜெயிச்சிட்டேன். கடைசி வரைக்கும் அதுக்குத் தெரியவே இல்ல."

"ஆமாம்மா" என்றேன். "ஜெயிச்சிட்ட."

அதற்கு அடுத்த தடவை நான் மலை ஏறினபோது, வழியிலேயே செய்தி சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டி, கோடிச் சேலை கட்டி வாசலில் கிடத்தியிருந்தார்கள். மகள் கைக்குழந்தையோடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கொண்டையை அவளே போட்டுவிட்டிருக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. வலது கை முந்தானைக்குள் இல்லை. அத்தனை வருஷம் ஒளித்து வைத்த கையை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நெஞ்சின் மேல் எடுத்து வைத்திருந்தார்கள்.

மகளின் புகுந்த வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கேட்டாள். "ஐயோ பாவம், கைக்கு இன்னா ஆச்சு இவங்களுக்கு?"

கதை சொல்கிறவள் செத்துக் கிடக்க, ஊர்க்காரிகள் எல்லோரும் பழக்கதோஷத்தில் மகளைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றாள் மகள். குரல் நடுங்கவில்லை. "நான்தான் இடிச்சேன். உலக்கையால. எட்டு வயசுல, திருவிழா சாமைய இடிக்கறப்ப. மேளம் கேட்டு நான்தான் இடிச்சிட்டேன்."

தாயின் ஓரகத்தி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினாள். "கேட்டீங்களாடி? அப்படியே அவங்கம்மா! எருது மெதிச்சது ஊருக்கே தெரியும். எனக்கே தேனீன்னு சொன்னா, எம் பொண்ணுக்குப் புலின்னு சொன்னா, இப்ப இது பங்குக்கு ஒரு கத. தாயப் போல புள்ள, நூலப் போல சேலன்னு சும்மாவா சொன்னாங்க!" இன்னும் நாலு பேர் கண்ணீரோடு சிரித்தார்கள். வளையல்காரர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கத இல்ல. நெஜமாத்தான்" என்றாள் மகள். யாரும் கேட்கவில்லை. அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். "மாமா, நீயாவது சொல்லு மாமா. நீ பாத்தே இல்ல?"

செத்துக் கிடந்தவளைப் பார்த்தேன், உயிரோடிருப்பவளைப் பார்த்தேன்.

"ஆமாம்" என்றேன். "நான் பார்த்தேன்."

அவ்வளவுதான். துக்க வீடு என்பதையும் மறந்து ஜனங்கள் சிரித்தார்கள். "சாய்பு எதத்தான் பாக்கல! கரடியும் பாத்தாரு, புலியும் பாத்தாரு!" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். வாழ்நாளில் அந்தக் கையைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அது. அதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. அவள் கட்டின வேலி அவ்வளவு உறுதி, உள்ளே இருந்த மகளால் கூட அதைத் தாண்டி வெளியே வர முடியவில்லை.

மகள் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள்.

அப்போது சாவு மேளம் தெருமுனையில் கிளம்பியது. அவள் உடம்பு தூக்கிவாரிப் போட்டதை நான் பார்த்தேன். மேளம் பக்கத்தில் வர வர, அவள் கை தானாகவே அந்தத் தாளத்துக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. அதை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அது நிற்கவில்லை.

"மாமா, கத சொல்லு மாமா" என்றாள். "சத்தமா சொல்லு. அம்மா மாதிரி."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேளத்தை விட உயர வேண்டுமென்று தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "ஒரு கரடி இருந்துச்சும்மா. அது பேரு மூக்கன். பாவம், அதுக்குப் பல்வலி..."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை.